வெள்ளம் விட்டுப்போன வண்டலை மினி டிராக்டரால் அகற்றலாமா?

கேள்வி: தென்காசி அருகே மேலகரம் பக்கம், வாய்க்கால் கரையை ஒட்டி எங்கள் வீடு இருக்கிறது. 2024 டிசம்பர் மழையில் வாய்க்கால் உடைத்துக்கொண்டு வந்த தண்ணீர், வாசல், தொழுவம், தோப்புக்குப் போகும் சந்து எல்லாவற்றிலும் அரையடி உயரத்துக்கு வண்டலை விட்டுப் போனது. ஜேசிபி சந்துக்குள் நுழையாது என்று சொல்லிவிட்டார்கள். கூலிக்கும் ஆள் கிடைக்கவில்லை. வீட்டு ஆட்களே மம்பட்டியும் சட்டியுமாக அள்ளி முடித்தோம்.

வாழைக்கும் தென்னைக்கும் இடையில் ஓட்டுவதற்காக வாங்கிய 24 எச்.பி. மினி டிராக்டர், நாலு வீல் டிரைவ், எங்களிடம் இருக்கிறது. ரோட்டவேட்டரும் ஐந்து கொத்துக் கலப்பையும் உண்டு. கனடாவில் இருக்கும் மகன், அங்கே வீட்டு வாசலில் விழுந்த பனியைச் சின்ன டிராக்டர் வைத்துத் தள்ளும் வீடியோவை அனுப்பி, “நம்ம வண்டியிலேயும் இதைச் செய்யலாமே அப்பா” என்கிறான். செய்யலாமா? என்ன கருவி வாங்க வேண்டும்? வண்டிக்குக் கெடுதல் வருமா?

— வாசகர், மேலகரம், தென்காசி மாவட்டம்

பதில்: செய்யலாம். உங்கள் மகன் சொல்வது சரியான யோசனைதான். வண்டல் அரையடிக்குள் இருக்க வேண்டும். தள்ளிக் குவிக்கப் பக்கத்திலேயே இடம் வேண்டும். பிளேடு மாட்டி வேலை செய்ய வேண்டும். இந்த மூன்றும் அமைந்தால் உங்கள் வண்டி, பல ஆட்கள் நாள் கணக்கில் செய்யும் வேலையை ஒரே பகலில் முடித்துவிடும். ஆனால் பனியைத் தள்ளுவதுபோல வண்டலைத் தள்ள முடியாது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தெரியாமல் இறங்கினால் வண்டியும் கெடும், ஓட்டுபவருக்கும் ஆபத்து. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எடைக் கணக்கு

உங்கள் வாசலும் தொழுவமும் சேர்ந்து 30 அடிக்கு 40 அடி என்று வைத்துக்கொள்வோம். 1,200 சதுர அடி. அதில் அரையடி வண்டல் என்றால் 600 கன அடி. மணல் வாங்கும் கணக்கில் சொன்னால் 6 யூனிட். மீட்டர் கணக்கில் ஏறக்குறைய 17 கன மீட்டர்.

புதிதாக விழுந்த பனி, கன மீட்டருக்கு 50 முதல் 100 கிலோதான் இருக்கும். ஈர வண்டல் 1,600 முதல் 2,000 கிலோ வரை வரும். ஆகவே அதே வாசலில் அரையடிப் பனி விழுந்தால் அதிகம் போனால் 1.7 டன். அரையடி வண்டல் என்றால் 29 டன் அளவுக்கு வரும். கனடாவில் அந்தச் சின்ன டிராக்டர் தள்ளும் எடையைப் போலப் பதினேழு மடங்கை உங்கள் வண்டி தள்ள வேண்டும்.

24 எச்.பி. மினி டிராக்டர்களின் சொந்த எடை முக்கால் டன் அளவில்தான் இருக்கும். ஈரத் தரையில் ஒரு டிராக்டர், தன் எடையில் பாதிக்கும் குறைவான விசையோடுதான் தள்ளவோ இழுக்கவோ முடியும். இன்ஜினில் சக்தி இருந்தாலும் டயருக்குப் பிடிமானம் கிடைக்காது. அதனால் நான்கடி பிளேடால் ஒரு தடவைக்கு 3 கன அடி, அதாவது 140, 150 கிலோ தள்ளினால் போதும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 600 கன அடிக்கு 200 தடவை. ஒரு தடவைக்கு ஒன்றரை நிமிடம் என்றால் ஐந்து மணி நேர வேலை. “ஒரே மூச்சில் தள்ளிவிடுவோம்” என்று பிளேடை ஆழமாக இறக்குபவர்களின் வண்டிதான் கிளட்ச் தேய்ந்து நிற்கிறது.

வண்டல் ஓரடிக்கு மேல் போனாலோ, மலையிலிருந்து உருண்டு வந்த கற்களும் மரத்துண்டுகளும் கலந்திருந்தாலோ மினி டிராக்டரை இறக்காதீர்கள். 7 டன்னுக்கு மேல் எடையுள்ள ஜேசிபி, ஒரு அள்ளலில் ஒரு கன மீட்டர் எடுக்கும். அந்த இடத்தில் அதற்கு வாடகை கொடுப்பதுதான் சிக்கனம். ஜேசிபி நுழையாத சந்து, தொழுவம், தென்னை வரிசைகளுக்கு நடுவே உள்ள இடம் ஆகியவைதான் உங்கள் வண்டிக்கு உரிய இடங்கள்.

என்ன கருவி வாங்குவது?

வாங்க வேண்டியது ஒன்றே ஒன்று: பின்பக்கம் மூன்று முனையில் மாட்டும் பிளேடு. அகலம் நான்கடி போதும். சாய்த்து வைக்கும்போதும் பின் டயர்களின் வெளி விளிம்பை அது மூட வேண்டும். இல்லாவிட்டால் தள்ளிய சேற்றின் மேலேயே டயர் ஏறி மிதிக்கும். இடம் வலம் திருப்பும் வசதியும், முழுவதுமாகப் பின்னோக்கித் திருப்பும் வசதியும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பட்டறையில் செய்து வாங்குவதானால், பிளேடின் அடி விளிம்பைத் தேய்ந்தால் கழற்றி மாற்றும்படி போல்ட் போட்டு அமைக்கச் சொல்லுங்கள். டிராக்டர் கருவிகளுக்கு அரசு மானியத் திட்டங்கள் உண்டு. வாங்குவதற்கு முன்பே வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். வாங்கிய பிறகு கேட்டால் பலன் கிடைக்காது.

முன்பக்க லோடர் பக்கெட் மினி டிராக்டர்களுக்கும் கிடைக்கிறது. அள்ளி டிரெய்லரில் போட அது வசதிதான். ஆனால் முன்னே பாரம் ஏறும்போது பின் டயர்கள் பிடிமானத்தை இழக்கும். அதைச் சரிக்கட்டப் பின்னால் எடை மாட்ட வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறை வரும் வேலைக்கு அவ்வளவு செலவு தேவையில்லை.

ரோட்டவேட்டரை வாசலுக்குக் கொண்டு வராதீர்கள். வண்டலுக்கு அடியில் தண்ணீர்க் குழாய், செப்டிக் டேங்க் மூடி, உடைந்த கண்ணாடி, இரும்புத் துண்டு என்று எது கிடக்கிறது என்று தெரியாது. சுழலும் கத்தியில் பட்டால் கத்தி உடைவதோடு துண்டுகள் ஆள் மேலும் பறக்கும். பனி நாடுகளில் டிராக்டரின் சுழல்தண்டான பிடிஓவில் மாட்டிப் பனியைத் தூர வீசும் கருவியைப் பார்த்திருப்பீர்கள். பனி இலேசானது, உதிர்வது, அதனால் பறக்கிறது. ஒட்டும் தன்மையுள்ள ஈர வண்டலை அப்படி வீச முடியாது. காய்ந்து இறுகிய வண்டலைத் தோப்புப் பக்கம் கிளற வேண்டுமானால் உங்கள் ஐந்து கொத்துக் கலப்பையே போதும்.

எப்போது இறங்குவது?

வீட்டுக்குள் இருக்கும் சேற்றையும் வாசலில் இருக்கும் சேற்றையும் வேறு வேறாகப் பாருங்கள். வீட்டுக்குள்ளும் சிமெண்ட் தளத்திலும் இருப்பதை, ஈரமாக இருக்கும்போதே தண்ணீர் அடித்துத் தள்ளிவிட வேண்டும். காய்ந்தால் சுரண்டத்தான் வேண்டியிருக்கும். மண் தரையில் இருப்பதற்கு இரண்டு மூன்று நாள் வெயில் காட்டுங்கள். ஒரு கைப்பிடி எடுத்துப் பிடித்துப் பாருங்கள். விரலிடுக்கில் வழிந்தால் இன்னும் பொறுக்க வேண்டும். உருண்டையாக நின்று, தட்டினால் உடைந்தால் வண்டியை இறக்கலாம். குழம்பாக இருக்கும்போது பிளேடு போட்டால் இருபுறமும் வழிந்து பழைய இடத்துக்கே வரும், வண்டியும் புதையும்.

தேங்கிய தண்ணீரை முதலில் வடியவிடுவது இன்னும் முக்கியம். சரிவு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் மம்பட்டியால் ஒரு சால் கீறிவிட்டால், பாதி நாளில் வண்டல் இறுகத் தொடங்கும்.

மழை முற்றிலும் ஓய்ந்ததா என்பதையும் பாருங்கள். நம் பகுதியில் மேலே மலையில் பெய்யும் மழை, கீழே இருப்பவருக்குத் தெரியும் முன்பே வந்து சேரும். 2024 மே 17 அன்று பழைய குற்றாலம் அருவியில் திடீரென்று வந்த வெள்ளம் 17 வயது மாணவர் ஒருவரின் உயிரைக் கொண்டு போனது. ஐந்தருவியாறு, அரிகர நதி, குண்டாறு, அனுமன் நதி என்று சிற்றாற்றில் சேரும் ஓடைகள் எல்லாம் செங்குத்தான மலையிலிருந்து குறுகிய தூரத்தில் இறங்குபவை. கனமழை எச்சரிக்கை நீடிக்கும் நாளில், வாய்க்கால் கரையில் வண்டியை நிறுத்தி வேலை செய்யவே கூடாது. வெள்ளம் அரித்த கரை மேலே உறுதியாகத் தெரிந்தாலும் உள்ளே குடைந்திருக்கும்.

தள்ளும் முறை

முதல் குவியலை எங்கே போடப் போகிறோம் என்று முடிவு செய்துவிட்டுத்தான் இன்ஜினைப் போட வேண்டும். பனி தள்ளுபவர்கள் முதல் குவியலைக் கடைசி எல்லையில் கொண்டுபோய் வைப்பார்கள். வாசலுக்குப் பக்கத்திலேயே முதலில் குவித்துவிட்டால் பிறகு வருவதற்கு இடமில்லாமல் எல்லாவற்றையும் மறுபடி தள்ள நேரும். நீங்களும் தோப்பின் தூர மூலையிலிருந்து குவித்துக்கொண்டே வீட்டை நோக்கி வாருங்கள்.

சுத்தமான இடத்திலிருந்து சேற்றுக்குள் போக வேண்டும். சேற்றுக்குள் நின்றுகொண்டு தொடங்கக் கூடாது. ஒரு தடவைக்கு இரண்டு அங்குலம் மட்டும் சீவுங்கள். அரையடி வண்டலை மூன்று அடுக்காக எடுப்பதுதான் முறை. தாழ்ந்த கியர், நாலு வீல் டிரைவ், ஒரே சீரான வேகம். டயர் சுழன்றால் அக்சிலரேட்டரை அழுத்தாமல் பிளேடைச் சற்றுத் தூக்குங்கள்.

பின்பக்கப் பிளேடு, முன்னோக்கி ஓட்டி இழுப்பதற்காகவே செய்யப்பட்டது. சுவர் ஓரத்தில் பிளேடைத் திருப்பிவைத்து ரிவர்ஸில் கொஞ்சம் தள்ளலாம். ஆனால் வேகமாகப் பின்னால் வந்து மோதினால் கீழ் லிங்க் வளையும், ஹைட்ராலிக் பகுதியும் அடிபடும். சிமெண்ட் வாசலிலும் பேவர் பிளாக் தளத்திலும் இரும்பு விளிம்பு கீறாமல் இருக்க, பழைய கன்வேயர் பெல்ட் ரப்பரை வெட்டிப் பிளேடின் அடியில் போல்ட் போட்டு மாட்டுங்கள். பனி நாடுகளில் வீட்டு வாசலுக்கு ரப்பர் விளிம்புதான் போடுகிறார்கள். நமக்கும் அது அப்படியே பொருந்தும்.

விழுந்த மரமோ வாழைக் குவியலோ இழுக்க வேண்டுமானால், சங்கிலியைக் கீழே இருக்கும் டிராபாரில் மட்டும் மாட்டுங்கள். டாப் லிங்க் மாட்டும் இடத்திலோ, ஆக்ஸிலுக்கு மேலோ கட்டி இழுத்தால் முன் சக்கரம் தூக்கி, வண்டி ஓட்டுபவர் மேலேயே மல்லாந்து விழும். அது நடக்க ஒரு நொடி போதும். குதிக்க நேரம் கிடைக்காது. நம் ஊரில் ஓடும் பல மினி டிராக்டர்களில் கவிழ்ந்தால் காக்கும் இரும்புச் சட்டம் இல்லை என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். சரிவில் மேலும் கீழுமாக ஓட்டுங்கள், குறுக்கே ஓட்டாதீர்கள்.

வண்டலுக்கு அடியில் இருப்பவை

வண்டி ஓட்டும் முன், ஒரு கம்பியால் குத்திப் பார்த்துக்கொண்டே வாசல் முழுதும் நடந்துவிடுங்கள். செப்டிக் டேங்க் மூடி, தண்ணீர்த் தொட்டி மூடி, கைவிட்ட கிணற்றின் விளிம்பு, குழாய் வால்வு ஆகிய இடங்களைக் கண்டுபிடித்துக் கம்பு நட்டுத் துணி கட்டுங்கள். முக்கால் டன் வண்டியைத் தாங்க அந்த மூடிகள் செய்யப்படவில்லை.

மின்கம்பி அறுந்து சேற்றுக்குள் கிடந்தால் கண்ணுக்குத் தெரியாது. மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-ல் சொல்லி, இணைப்பு துண்டிக்கப்பட்டதை உறுதி செய்தபின் இறங்குங்கள். குப்பைக் குவியலுக்கு அடியில் பாம்பும் தேளும் ஒதுங்கியிருக்கும். கையை விடாமல் கம்பால் புரட்டுங்கள்.

வெள்ளச் சேற்றில் எலியின் சிறுநீர் கலந்திருக்கும் என்பதால் எலிக்காய்ச்சல் வரும் வாய்ப்பு உண்டு. வெறுங்காலோடு இறங்கவே வேண்டாம். கம்பூட்டும் கையுறையும் போடுங்கள். காலில் வெட்டுக்காயம், பித்தவெடிப்பு இருந்தால் அன்றைக்கு இந்த வேலையை விட்டுவிடுங்கள். சேற்றில் வேலை செய்தபின் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், சேற்றில் இறங்கியதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். ஆரம்பத்திலேயே மருந்து கொடுத்தால் குணமாகும். தாமதித்தால் சிறுநீரகத்தையும் கல்லீரலையும் பாதிக்கும்.

வேட்டி கட்டிக்கொண்டோ, தோளில் துண்டு போட்டுக்கொண்டோ டிராக்டரில் ஏறாதீர்கள். பிடிஓ தண்டு நிமிடத்துக்கு 540 சுற்று சுற்றுகிறது. ஒரு நூல் சிக்கினாலும் ஆளை இழுத்துவிடும். பிளேடு வேலைக்குப் பிடிஓ தேவையே இல்லை. அதை நிறுத்தி, மூடியைப் போட்டு வையுங்கள். மட்கார்டில் பிள்ளைகளை உட்கார வைக்கும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள்.

குவித்த வண்டலை என்ன செய்வது?

அதைக் குப்பையாக நினைக்க வேண்டாம். மலைக்காட்டு இலைமக்கு சேர்ந்து வரும் மெல்லிய வண்டல், தென்னைக்கும் வாழைக்கும் நல்லது. தோப்பில் இரண்டு மூன்று அங்குலத்துக்கு மேல் போகாமல் பரப்பி, காய்ந்ததும் கலப்பையால் மேல்மண்ணோடு கலந்துவிடுங்கள். தென்னங்கன்றின் கழுத்துப் பகுதி மூடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெறும் மணலாக வந்திருந்தால் அதை வயலில் பரப்ப வேண்டாம். சந்து மேடாக்கவும் தொழுவத்தில் நிரப்பவும் பயன்படுத்துங்கள். பரப்பிய இடத்தில் அடுத்த பயிருக்கு முன் மண் பரிசோதனை செய்துவிட்டு உரம் போடுங்கள்.

கழிவுநீர் கலந்த சேறு என்றால் காய்கறிப் பாத்திக்குக் கொண்டு போகக் கூடாது. தனியே குவித்து நன்றாகக் காயவிடுங்கள்.

டிரெய்லரில் ஏற்றி வெளியே கொண்டுபோவதைக் கூடியவரை தவிருங்கள். மினி டிராக்டர் டிரெய்லரில் ஒன்றேகால் டன் ஏற்றினாலும் 29 டன்னுக்கு 23 நடைக்கு மேல் ஆகும். வாய்க்காலிலோ ஓடையிலோ மறுபடி தள்ளுவது தவறு. அந்த மண் அடுத்த மழைக்கு உங்கள் வாசலுக்கோ, கீழே இருப்பவர் வாசலுக்கோதான் வரும். உங்கள் மனையில் வந்து படிந்ததை உங்கள் நிலத்தில் பரப்புவது ஒன்று. ஆற்றுப்படுகையிலோ குளத்திலோ இறங்கி அள்ளுவது வேறு. குளத்து வண்டலை விவசாயத்துக்கு இலவசமாக எடுக்க வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி தரும் நடைமுறை 2024-ல் வந்திருக்கிறது. அந்த அனுமதி இல்லாமல் அள்ளினால் வழக்கு வரும்.

வேலை முடிந்தபின் வண்டிக்கு

அன்றைக்கே கழுவுங்கள். முன் ஆக்ஸில், சக்கர மையம், பிரேக் பகுதி, ரேடியேட்டர் முன்வலை ஆகிய இடங்களில் சேறு காயக் கூடாது. ரேடியேட்டரில் குறைந்த வேகத்தில் தண்ணீர் விடுங்கள். அழுத்தமாக அடித்தால் தகடுகள் மடங்கும். எல்லாக் கிரீஸ் நிப்பிளிலும், உள்ளே புகுந்த சேறு வெளியே வரும்வரை புதுக் கிரீஸ் அடியுங்கள். ஏர் கிளீனரைக் கழற்றிப் பாருங்கள். மறுநாள் காலை கியர் ஆயில் அளவுக் குச்சியை எடுத்துப் பாருங்கள். எண்ணெய் பால் நிறமாக இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. மாற்றாமல் ஓட்டக் கூடாது.

வெள்ளத்தில் வண்டியே மூழ்கியிருந்தால் சாவியைத் திருப்பவே வேண்டாம். பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு மெக்கானிக்கை அழையுங்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது ஸ்டார்ட் செய்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அந்தச் செலவோடு பார்த்தால் எண்ணெய் மாற்றும் செலவு மிகச் சிறியது.

புரட்டாசியில் செய்ய வேண்டியது

பனி நாட்டவரிடமிருந்து நாம் கற்க வேண்டிய பெரிய பாடம், அவர்கள் குளிர்காலத்துக்கு முன்பே செய்யும் ஏற்பாடுகள். பனி மூடினால் எதுவும் தெரியாது என்பதால் பாதையின் ஓரம், வடிகால், தொட்டி இவற்றை முன்கூட்டியே கம்பு நட்டு அடையாளம் செய்துவிடுகிறார்கள். கருவியையும் அப்போதே மாட்டிச் சரிபார்த்து விடுகிறார்கள்.

நமக்கு அதற்குரிய காலம் புரட்டாசி. சாரல் காலம் முடிந்து, வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் கிடைக்கும் இடைவெளி அது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 செ.மீ. பதிவானது. அடுத்த டிசம்பரிலேயே குற்றாலத்தில் பெருவெள்ளம். இரண்டு ஆண்டும் மார்கழி பிறக்கும் நாட்களை ஒட்டியே வந்தது. ஐப்பசிக்குள் நாம் தயாராக இருக்க வேண்டும்.

உங்கள் மனைக்குள் ஓடும் வடிகாலையும் தோப்பில் உள்ள சால்களையும் மினி டிராக்டரும் பிளேடும் கொண்டு அப்போதே சீவி ஆழப்படுத்துங்கள். காய்ந்த மண்ணில் வண்டிக்கு நல்ல பிடிமானம் கிடைக்கும். ஈர வண்டலில் அவ்வளவு கிடைக்காது. சிறு பாலங்களின் கண்களில் அடைத்திருக்கும் வாழை மட்டை, தேங்காய் மட்டை, பிளாஸ்டிக் பைகளை எடுங்கள். வாய்க்கால் உடைவதற்கு முக்கியக் காரணம் இந்த அடைப்புதான். பொது வாய்க்கால் என்றால் நீர்வளத் துறையிடமோ உள்ளாட்சியிடமோ மனு கொடுங்கள். நீங்களாக இயந்திரம் இறக்க வேண்டாம். பெரிய இயந்திரம் தேவைப்பட்டால், வேளாண்மைப் பொறியியல் துறை விவசாயிகளுக்குக் குறைந்த வாடகையில் தருகிறது. உழவன் செயலியில் பதிவு செய்யலாம்.

உங்கள் வண்டியை நம்பி இந்த வேலையில் இறங்கலாம். பிளேடை இப்போதே வாங்கி மாட்டி, மழைக்கு முன் ஒருநாள் தோப்பில் ஓட்டிப் பழகுங்கள். பக்கத்து வீட்டாரையும் சேர்த்துக்கொண்டு, இந்தப் புரட்டாசி முடிவதற்குள் உங்கள் தெரு வடிகாலின் அடைப்பை எடுத்துவிடுங்கள். மழை நேரத்தில் அவசர உதவிக்கு மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077 எண்ணை வீட்டில் எல்லோருடைய கைபேசியிலும் பதிந்து வையுங்கள்.